பொட்டலம் கட்டுவதும் வியாபாரத்தில் சேர்த்தி



இணையத்தில் பொருள் வாங்குவது இலாபமா, நட்டமா என்பது இன்றைய தலைப்பு. விலையைப் பற்றி முன்னவர்கள் பேசிவிட்டார்கள். நான் விலையைப் பற்றிப் பேசப் போவதில்லை. அந்தப் பொருள் வந்து சேரும் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். குறிப்பாக, கணினிப் பாகங்கள் வரும் பெட்டி. ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, வாரம் தவறாமல் ஒருவராவது ஒரு நசுங்கிய பெட்டியைக் கொண்டுவந்து காட்டி, “அண்ணே, இது பிழைக்குமா?” என்று கேட்கிறார். மருத்துவமனை வாசலில் கேட்கிற மாதிரியே கேட்கிறார்.

பெட்டி என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். இந்தப் பேராக் மண்ணில் பிறந்தவர்கள் அப்படி நினைக்கக் கூடாது. ஏனென்றால் நம் வரலாறே ஒரு பொட்டலத்தில்தான் தொடங்கியது.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். ரப்பர் விதை சீக்கிரம் கெட்டுப்போகும். காய்ந்த வாழை இலைகளை இடையில் வைத்து, காற்றோட்டமான கூடைகளில் அடுக்கிக் கொண்டு சென்றார்கள். அப்படியும் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகளில் 1,900-க்கும் மேற்பட்டவற்றை, கண்ணாடி பதித்த சிறப்புப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். கடல் கடந்தும் பெரும்பாலானவை பிழைத்தன. அதே ஆண்டு சிங்கப்பூருக்கு அனுப்பிய ஏறக்குறைய 50 கன்றுகளோ பிழைக்கவில்லை. மறு ஆண்டு, 1877-இல், மீண்டும் 22 கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது.

வழியில் எது பிழைக்கும், எது சாகும் என்பதை அறிந்து பக்குவமாகக் கட்டி அனுப்பியதால்தான் இங்கே தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களுக்காகத்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். பின்னாளில் நாம் உற்பத்தி செய்த ரப்பரையும் கண்டபடி கட்டி அனுப்பவில்லை. 1965-இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தபோது, ஒரு கட்டியின் எடை 33.3 கிலோ, அதைச் சுற்றிப் பாலித்தீன் உறை என்று கட்டும் முறைக்கும் தரம் வகுத்தார்கள். தரையில் போட்டாலும் உடையாத ரப்பருக்கே அவ்வளவு ஒழுங்கு! கை தவறினால் செத்துப் போகும் வன்தட்டை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

ஒரு வன்தட்டுக்குள் கண்ணாடி போன்ற வட்டுகள் சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, வட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வன்தட்டு ஓடாமல் இருக்கும்போது அந்த முனை ஓர் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். அதனால்தான் அதை வெளியூருக்கு அனுப்பவே முடிகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய வகை வன்தட்டுகள், ஓடாத நிலையில், பொதுவாகப் புவியீர்ப்பைப் போல் 250 முதல் 300 மடங்கு வரையிலான அதிர்ச்சியைத் தாங்கும்.

300 மடங்கு என்றால் பெரிய கணக்காகத் தெரிகிறது அல்லவா? அனைத்துலகப் பாதுகாப்புப் போக்குவரத்துச் சங்கம் என்று ஓர் அமைப்பு 1948 முதல் இருக்கிறது. சிறிய பொட்டலம் ஒன்றைச் சோதிக்க, அதை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடச் சொல்கிறது: ஒரு மூலையில், மூன்று விளிம்புகளில், ஆறு பக்கங்களிலும். 76 சென்டிமீட்டர் என்பது ஒரு மேசையின் உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பொருள், 2 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கும் உறைக்குள் இருந்தால், அது வாங்கும் சராசரி அதிர்ச்சி 380 மடங்கு. அதையே நல்ல பஞ்சுக்குள் வைத்து, இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும்படி செய்தால், அதிர்ச்சி 30 மடங்காகக் குறைந்துவிடும். விழுந்த உயரத்தை அமுங்கிய தூரத்தால் வகுத்தால் போதும், ஐந்தாம் வகுப்பு மாணவனே போட்டுவிடும் கணக்கு இது. ஒரு பொருளின் உயிரும் சாவும் இந்தப் பஞ்சில் இருக்கிறது.

வன்தட்டு மட்டுமா? தாய்ப்பலகையில் செயலி உட்காரும் இடத்தில், சில வகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் கணினி உயிர் பெறாமல் போகலாம். கிராஃபிக்ஸ் கார்டுகள் இப்போது ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டவையாக வருகின்றன. கணினிக்குள் பொருத்திய நிலையிலேயே அனுப்பினால், வழியில் ஆடி ஆடித் தாய்ப்பலகையின் துளையையே பிய்த்துவிடும். அடுத்து நிலைமின்சாரம். சாதாரணக் குமிழித் தாள் உரசினால் மின்னேற்றம் உண்டாகும். அதனால்தான் தொழிற்சாலையிலிருந்து வரும் பாகங்கள் பளபளக்கும் சாம்பல் நிறப் பைக்குள் வருகின்றன. அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, பாகத்தை நேராகக் குமிழித் தாளில் சுற்றி அனுப்பும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு நம் ஊர் மழை. தைப்பிங்கின் மழையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? ஈரம் ஏறிய அட்டைப் பெட்டி தன் பலத்தைப் பெருமளவு இழந்துவிடும். மேலே நான்கு பெட்டி அடுக்கினால் அப்பளம்தான்.

வியாபாரிகளுக்கு இது தெரியாதா? பலருக்குத் தெரியும். ஆனால் கூரியர் நிறுவனங்கள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, இடத்துக்கும் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலாக உள்ள முறை. ஒரு பெரிய வன்தட்டு முக்கால் கிலோ கூட வராது. சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் பஞ்சு வைத்தால் பெட்டி 25-க்கு 20-க்கு 13 சென்டிமீட்டர் ஆகும். கணக்குப்படி அது 1.3 கிலோ. கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும். பஞ்சுக்கும் பெட்டிக்கும் தனிக் காசு. ‘இலவச அனுப்புதல்’ என்று விளம்பரம் செய்துவிட்டு, இரண்டு மூன்று ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். ‘உடையும் பொருள், கவனம்’ என்று சிவப்பு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பொட்டலம் பிரிக்கும் நிலையத்தில் ஓடும் வாருக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியுமா?

இதில் உண்மையான இழப்பு என்ன தெரியுமா? சுங்கை சிப்புட் வட்டாரத்தில், இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஒரு பழைய தோட்டத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஈராண்டு அலைந்து பழைய நிழற்படங்களைத் திரட்டினார். லயத்து வீடுகள், பால் நிறுக்கும் இடம், தமிழ்ப்பள்ளி, தீமிதித் திருவிழா, மேளம் அடித்தவர், கங்காணி, எல்லாம். வீடு வீடாகச் சென்று படங்களை வாங்கி, கணினியில் ஏற்றி, மூலப் படங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இணையத்தில் வாங்கிய புதிய வன்தட்டில் எல்லாவற்றையும் போட்டு வைத்தார். அது மெல்லிய பையில் வந்தது. வந்த அன்று நன்றாகத்தான் ஓடியது. ஆறு வாரம் கழித்துக் ‘கடக் கடக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. என்னிடம் கொண்டு வந்தபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வியாபாரியோ, “வரும்போது நன்றாகத்தானே இருந்தது, திருப்பித் தரும் நாள்களும் முடிந்துவிட்டன” என்று பதில் அனுப்பினார். படம் கொடுத்தவர்களில் சிலர் இடையில் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் அந்தப் படங்கள் இல்லை. அந்தத் தோட்டம் இரண்டாவது முறையாக அழிந்தது.

அடிபட்ட பொருள் எல்லாம் அன்றே சாவதில்லை, அன்பர்களே. உள்காயம் பட்டவனைப் போல் கொஞ்ச நாள் நடமாடிவிட்டு விழும். ஆறு வாரத்தில் செத்ததற்கு அந்தப் பைதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத காயம் என்பதால்தான் அதை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்கிறேன்.

சரி, உடைந்து வந்தால் யார் பொறுப்பு? வியாபாரி கூரியரைக் காட்டுகிறார். கூரியர் கட்டிய விதத்தைக் காட்டுகிறார். பந்து இங்கும் அங்கும் உருள்கிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 39-ஆம் பிரிவில், பொருளை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும் என்று இருக்கிறது. வியாபாரிகள் இதைப் பிடித்துக் கொள்கிறார்கள். ஆனால் அதே பிரிவு அடுத்த வரியிலேயே, பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் செய்ய வேண்டும் என்றும், செய்யாமல் பொருள் சேதமானால் அந்த ஒப்படைப்பை வாங்கியவர் ஏற்க மறுக்கலாம் என்றும் சொல்கிறது. பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் வியாபாரி. கூரியரைத் தேர்ந்தெடுத்தவரும் பெரும்பாலும் வியாபாரிதான். நாம் இரண்டையும் தேர்ந்தெடுக்கவில்லை.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 2007-இல் செய்த திருத்தத்தால் இணைய வாணிபத்துக்கும் பொருந்தும். ‘உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல’ என்று எழுதி வைத்து அந்தச் சட்டம் தரும் உரிமையைப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் மனு செய்யக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் வேண்டாம், அனுமதியும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதது குற்றம். ஈப்போவிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இந்த வழி எளிதாக உதவாது. நூறு ரிங்கிட் குறைகிறதே என்று கண் மூடி அழுத்துவதற்கு முன், கடை எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

சட்டம் இருந்தாலும் சான்று நம் கையில் இருக்க வேண்டும். பொட்டலம் வந்ததும் கத்தியை எடுக்காதீர்கள், கைப்பேசியை எடுங்கள். முகவரித் தாள் தெரியும்படி பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படம் பிடியுங்கள். பிரிப்பதை வெட்டாமல் ஒரே காணொளியாக எடுங்கள். உறையையும் பெட்டியையும் குப்பையில் போடாதீர்கள். வன்தட்டாக இருந்தால் முதல் வாரத்திலேயே முழுமையாகச் சோதியுங்கள். சோதிக்கும் வரை ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். புகாரைத் தொலைபேசியில் பேசாமல் எழுத்தில், வாங்கிய தளத்தின் வழியாகவே அனுப்புங்கள். மிக முக்கியமானது, விலை மதிப்பற்ற படங்களையும் ஆவணங்களையும் குறைந்தது இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதும்போது “வேகமாக வந்தது” என்று மட்டும் எழுதாதீர்கள். எப்படிக் கட்டி வந்தது என்று ஒரு வரி சேருங்கள். இந்தச் சட்டம் சொல்லிப் புரியாத வியாபாரிக்கு அந்த ஒரு வரி புரியும். உங்கள் தாமானில் இருக்கும் பெரியவர்கள் புகார் எழுதத் தெரியாமல் திகைக்கும்போது, அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால், ஈப்போ யிக் ஃபூங் வளாகம் போன்ற இடங்களில் கண்ணால் பார்த்து, கையில் வாங்கி வாருங்கள். அந்தக் கடைக்காரருக்கு ஒரு முகம் இருக்கிறது. மறுநாள் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது.

வியாபாரிகளையும் நான் பகைவர்களாகப் பார்க்கவில்லை. நம் பிள்ளைகளே இன்று வீட்டு வரவேற்பறையிலிருந்து இணைய வியாபாரம் செய்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: பெட்டிக்கும் பஞ்சுக்கும் ஆகும் மூன்று ரிங்கிட்டை விலையில் வெளிப்படையாகச் சேருங்கள். “பாதுகாப்பாகக் கட்டி அனுப்ப இவ்வளவு” என்று எழுதுங்கள். நியாயமான வாடிக்கையாளர் தருவார். நீங்கள் கட்டிய பொட்டலத்தை, அனுப்பும் முன் உங்கள் மேசையிலிருந்து ஒரு முறை கீழே போட்டுப் பாருங்கள். போட மனம் வரவில்லை என்றால், அதை அனுப்பாதீர்கள்.