அந்த உடுப்பு நமக்கு இரவல் இல்லை

(கார்கில் வெற்றி நாளையொட்டிப் புதுக்கோட்டையில் நடந்த கூட்டத்தில் நம் மாவட்டச் செயலாளர் ஆற்றிய உரை)

தாய்மார்களே, தம்பிகளே, முன்வரிசையில் பதக்கங்களோட உட்கார்ந்திருக்கிற முன்னாள் படைவீரர் பெருமக்களே!

மேடையில மேஜர் சரவணன் படம் வச்சிருக்கோம். திருச்சிக்காரர். 1974-ல நம்ம மாவட்டம் பிரியறதுக்கு முன்னாடி புதுக்கோட்டையும் திருச்சி மாவட்டத்துலதானே இருந்துச்சு, அந்த உரிமையில நம்ம பையன்னே சொல்றேன்.

விழா நாள்ல ஒரு ராணுவ அதிகாரி போடுற உடுப்பைப் பார்த்திருப்பீங்க. நமக்கு அது மிடுக்கு. விவரம் தெரிஞ்சவங்களுக்கு அது ஒருத்தரோட வாழ்க்கைக் குறிப்பு. தோளைப் பார்த்தா பதவி தெரியும். லெப்டினன்ட்டுக்கு ரெண்டு நட்சத்திரம், கேப்டனுக்கு மூணு. மேஜர் ஆனா நட்சத்திரமெல்லாம் போய், அசோகர் சிங்கம் மட்டும் வரும். இடது நெஞ்சுல வரிசையா பதக்கம். ஒவ்வொரு ரிப்பன் நிறத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. எதையும் கடையில வாங்கிக் குத்திக்க முடியாது.

சரவணனோட அப்பாவும் ராணுவத்துல மருத்துவர், லெப்டினன்ட் கர்னல். அந்த உடுப்பைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, 1995-ல பிகார் ரெஜிமென்ட்டுல அதிகாரியா சேர்ந்தார். நாலே வருஷம். 1999 மே 29 விடியற்காலை, பட்டாலிக் பகுதியில பாயிண்ட் 4268. அந்த எண் மலையோட உயரம், மீட்டர்ல. அடிக்கணக்குல பதினாலாயிரம். மேல எதிரி பதுங்குகுழியில, கீழேயிருந்து இவங்க ஏறணும். ராக்கெட் லாஞ்சரோட முன்னால போனவர் அவர். காயம் பட்டும் திரும்பல. அங்கேயே உயிர் போச்சு. உடலை மீட்டுக் கொண்டுவர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இருபத்தாறு வயசுங்க.

வீர் சக்ரா கொடுத்தாங்க. பாதி நீலம், பாதி காவி ரிப்பன். அதை அவர் தன் நெஞ்சுல குத்திக்கவே இல்லை. இறந்த வீரரோட பதக்கத்தை, நினைவிடத்துல அஞ்சலி செலுத்துறப்போ குடும்பத்தார் அணிஞ்சுக்கலாம். ஆனா வலது பக்கம்தான். இடது பக்கம் சம்பாதிச்சவருக்கு மட்டும். தாய்க்கே அந்தப் பக்கம் இல்லை.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. 2013-லயும் 2019 மார்ச்லயும் தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிக்கும் சொல்லிடுச்சு, ராணுவத்தினர் படத்தைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தாதீங்கன்னு. இது தேர்தல் நேரம் இல்லையேன்னு ஒரு தம்பி காலையில கேட்டார். சட்டம் இடம் கொடுக்கலாம், தம்பி. பெத்த தாய்க்கே வலது பக்கம்தான்னா, வார்டு தேர்தல்ல கூட உயிரைப் பணயம் வைக்காத எனக்கு அவர் பக்கத்துல என்ன இடம்?

வாசல்ல கட்டியிருக்கிற ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டுத்தான் உள்ளே வந்தேன். மேஜர் படம் சின்னதா, என் படம் பெருசா, நடுவுல கட்சிக் கொடி. ஆசையில செஞ்சது, தெரியும். கூட்டம் முடிஞ்சு நான் வெளியே வர்றதுக்குள்ள அதை இறக்கிடுங்க. அடுத்த ஃப்ளெக்ஸுக்கு வச்சிருக்கிற காசை டிசம்பர் 7 கொடிநாள் உண்டியல்ல போடுங்க. அது படைவீரர் குடும்பங்களுக்குப் போற காசு. ரசீது வாங்கிக்குங்க, அதுல கட்சிப் பேர் வேண்டாம்.