விலை இல்லாத போன்

சிலேட்டை எடுங்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

2017-ஆம் ஆண்டு ஜியோ கம்பெனி ஒரு போன் கொடுத்தது. விலை இல்லை என்றது. ஆனால் முன்பணம் 1500 ரூபாய். 3 ஆண்டு கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் வரும் என்றது.

கேட்க நன்றாக இருக்கிறது. நிபந்தனையைப் படிப்போமா? ஆண்டுக்கு 1500 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. 3 ஆண்டுக்கு எவ்வளவு? 4500. முன்பணத்தையும் கூட்டுங்கள். 6000 ரூபாய்!

பேசினோம், படம் பார்த்தோம். அது வீண் இல்லை. ஆனால் முன்பணம் வேண்டும் என்றால் போன் நம்மிடம் இருக்காது.

நெட்டோடு சேர்த்து லேப்டாப் கொடுத்தாலும் இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மாதப் பணத்தை மட்டும் சொல்வார். "எத்தனை மாதம், அண்ணே? நடுவில் நிறுத்தினால்?" என்று கேளுங்கள். அவர் சொன்னது தாளில் இருக்கிறதா, தேடுங்கள். இப்போதுதான் நமக்குப் படிக்கத் தெரியுமே!