உப்புநீர் மீன்தொட்டியில் பாசி: மருந்துக்கு முன் நிறத்தைப் பாருங்கள்

(சங்கத்தின் வாராந்திரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடல் மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தொட்டி முழுக்கப் பாசி, என்ன மருந்து ஊற்றலாம்?" கடைக்குப் போகுமுன் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். பாசி என்று பொதுவாகச் சொன்னாலும், வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வருபவை நான்கு வகை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை வளர்த்துவிடும்.

முதலாவது, கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள் போலப் படிவது. இது டயட்டம். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் வரும். தண்ணீரிலுள்ள சிலிகேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கும். அதுவரை கண்ணாடியைத் துடைத்தால் போதும். மாதக்கணக்கில் நீடித்தால், நீங்கள் ஊற்றும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, பச்சை முடி போல நீளமாக வளர்வது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் இதற்கு உரம். மீன் தின்னாமல் விட்ட தீனியும் கழுவாத ஃபில்டர் பஞ்சும் அந்த உரத்தைத் தருகின்றன. சோதனையில் பாஸ்பேட் 0 என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். பாசியே அதை உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். கையால் பிடுங்கி வெளியே எடுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். விளக்கு 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் தொட்டியில் விழ வேண்டாம்.

மூன்றாவது, கருஞ்சிவப்பாக, ஆடை போலப் படர்ந்து, தொட்டால் உரிந்து வருவது. இது சயனோபாக்டீரியா, பெயரே சொல்வதுபோல் பாக்டீரியா வகை. நீரோட்டம் குறைந்த மூலைகளில் எளிதாகப் பிடிக்கும். சிறு குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மோட்டாரை அந்த மூலைப் பக்கம் திருப்புங்கள். எடுத்த எடுப்பில் ஆன்டிபயாட்டிக் ஊற்றாதீர்கள். அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவையும் அது பாதிக்கலாம். செத்த படலம் அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். பாசி கொல்லாத மீனை வைத்தியம் கொன்றுவிடும்.

நான்காவது, பழுப்பு நிறச் சளி போலத் தொங்கி, உள்ளே காற்றுக்குமிழ் பிடித்திருப்பது. இது டைனோஃபிளாஜெல்லேட். விளக்கணைந்த இரவில் குறையும், மறுநாள் மதியம் திரும்பி வரும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0 வரை இறக்கிவிட்ட சுத்தமான தொட்டிகளில்தான் இது அதிகம் தலைகாட்டுகிறது. தீனியைக் குறைத்தால் இன்னும் பெருகும். நைட்ரேட் 5 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 பி.பி.எம். அளவுக்காவது இருக்கட்டும். இதில் சில இனங்கள் நச்சுள்ளவை. மேயும் நத்தைகள் சாகலாம். டயட்டமா இதுவா என்று குழப்பம் வந்தால், பிள்ளைகளின் பள்ளி மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

அடுத்து, தண்ணீர். போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ நேரடியாகக் கூடாது. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரும் போதாது, குடிப்பதற்காக அதில் தாது உப்பைச் சேர்க்கும் இயந்திரங்கள் பல. ஆர்.ஓ.வுக்குப் பின் டி.ஐ. வடிகட்டி வைத்து, டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும். கோடையில் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே நிற்கும். அதனால் வற்றிய அளவுக்கு உப்பில்லாத அந்த 0 தண்ணீரையே ஊற்றுங்கள். அடர்த்தி 1.025 அருகில் நிற்கட்டும்.

பிடுங்கிய பாசியைக் கடலிலோ மழைநீர்க் கால்வாயிலோ போடாதீர்கள். மீன்தொட்டிகளில் வளர்க்கும் காலெர்ப்பா என்ற பாசி 1984இல் மொனாக்கோ கரையோரம் காணப்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பில் பரவியது. வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரே நாளில் விளக்கு, தீனி, மருந்து என எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, தேதியோடு குறித்துவைத்து, இரண்டு வாரம் பொறுங்கள். எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும், மீனும் தாங்கும்.