நோயுற்ற நாளும் வீட்டுக் கணக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழா மாதர் அரங்கில் படிக்கப்பட்ட உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை பாடுவதும் வழக்கம். நாங்களோ வாடகை, பால், வட்டி ஆகியவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இவ்வுரையைப் படிப்பவர் மனைவி, நோயுற்றிருந்தவர் கணவர், எழுதியவர்கள் இருவருமே. ஆதலால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

குண்டலுபேட்டை நமக்குப் பிழைப்பு அளித்த ஊர். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்திலும் சேர்ந்த இவ்வூருக்கு, காய்கறி மண்டிக்கும், லாரித் தொழிலுக்கும், கட்டட வேலைக்கும், நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைகளுக்கும் என நம்மவர் வந்து சேர்ந்தோம். நம் உறவினரோ மலைக்கு அப்பால் இருக்கின்றனர். 2009 முதல் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு ஒன்பது மணிக்கு அடைக்கப்படுகிறது. காலை ஆறு மணி வரையில் சில பேருந்துகளும் அவசர ஊர்திகளும் தவிர வேறு வண்டி செல்வதில்லை. நள்ளிரவில் இடர் வந்தால் தாய்மாமனோ தமையனோ ஓடி வருவதற்கில்லை. ஆகவே சொந்த ஊரில் இருப்பவரைக் காட்டிலும் நமக்கு முன்யோசனை மிகுதியாக வேண்டும்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். கணவர் பதினோராண்டுகளாக நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். மூன்று வாரம் நீடித்த இருமலுக்குப் பின் சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. மருந்து இலவசம், ஆறு மாதம் தவறாமல் உண்டால் நோய் தீரும் என்றார் மருத்துவர். நோயைப் பற்றிய அச்சம் அன்றே பாதி தணிந்தது. ஆனால் வீட்டில் வேறொரு நோய் அன்றுதான் தொடங்கியது. அதன் பெயர் மறைப்பு.

காசநோய் என்று தொழிற்சாலையில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று கணவர் அஞ்சினார். ‘ஊரில் காரியம்’ என்று சொல்லி, ஊதியமில்லா விடுப்பு எடுத்தார். தங்கையின் திருமணத்திற்காக நூற்றுக்கு மூன்று வட்டியில் 40,000 ரூபாய் கடன் வாங்கியிருந்ததையும் அவர் மனைவியிடம் சொன்னதில்லை. மாதம் 1,200 ரூபாய் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. மனைவியோ, நோயாளியின் மனம் வருந்தலாகாது என்று கருதி, அவருக்குத் தெரியாமல் வாரக் குழுக் கடனாக 20,000 ரூபாய் பெற்று, வாடகையும் மளிகைப் பாக்கியும் கொடுத்தார். வாரந்தோறும் 500 ரூபாய் தவணை. ஒருவர் நலம் கருதியே மற்றவர் மறைத்தோம். அன்பினால் செய்த பிழைக்கும் வட்டி உண்டு என்பதை அப்போது அறியோம்.

ஐந்து வாரம் கழிந்தது. தவணை வாங்க வந்தவர் வாசலில் நின்று குரலை உயர்த்தினார். கட்டிலில் இருந்தவர் எழுந்து வந்து, ‘இது என்ன கடன்?’ என்று கேட்டார். அன்றிரவு இருவரும் அழுதோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒன்று விடாமல் எழுதினோம்.

எழுதியபோதுதான் முதல் இழப்புத் தெரிந்தது. இ.எஸ்.ஐ. என்று நாம் வழங்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டிற்காகக் கணவரின் ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்து வந்தனர். பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் வழியே 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேருவால் தொடங்கி வைக்கப்பட்ட திட்டம் அது. 1955-இல் கோவைக்கும் வந்தது. நம்முள் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் அந்த அட்டையை வைத்திருந்தவர்களே. நாமோ அதை மாத்திரை வாங்கும் அட்டை என்று மட்டுமே எண்ணியிருக்கிறோம். நோயினால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு, சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு, ஆண்டில் 91 நாட்கள் வரை அது தருகிறது. காசநோய், புற்றுநோய் முதலான 34 நெடுநோய்களுக்கு, உரிய பணிக்காலமும் சந்தாவும் இருப்பின், அதற்கு மேலும் ஈராண்டு வரை நூற்றுக்கு எண்பது பங்கு கிடைக்கும்.

கணவரின் நாட்கூலிச் சராசரி 500 ரூபாய். எழுபது பங்கு என்றால் நாளொன்றுக்கு 350. ஆனால் அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். வெட்கத்தால் அங்கே செல்லாதிருந்த 35 நாட்களுக்குச் சான்று இல்லை. ஆக, நாங்கள் இழந்தது 12,250 ரூபாய். மனைவி வாங்கிய கடனில் பாதிக்கு மேல் அதுவே அடைத்திருக்கும். வேலை போய்விடும் என்ற அச்சமோ வீண் அச்சம். நோய்க்கால உதவி பெறும் நாட்களில் பணியாளரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று அச்சட்டத்தின் 73-ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தனர். எழுதியிருந்து என்ன பயன்? நாங்கள் படிக்கவில்லை, கேட்கவுமில்லை.

மறுநாளே இ.எஸ்.ஐ. மருந்தகம் சென்று சான்று பெற்றோம். பின்னர் நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் வரைந்தோம். நீங்களும் இவ்வாறு வரையலாம் என்பதற்காகவே எங்கள் கணக்கை மறைக்காமல் சொல்கிறோம்.

முதற் பத்தி, வருவது. நோய்க்கால உதவி மாதம் 10,500. மனைவியின் தையல் கூலி 3,000. காசநோயாளியின் சத்துணவுக்காக மைய அரசு வங்கிக் கணக்கில் செலுத்தும் தொகை 1,000. இத்தொகை 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் இரு மடங்காயிற்று. மொத்தம் 14,500.

இரண்டாம் பத்தி, குறைக்க இயலாதது. வாடகை 3,500, மளிகை, காய்கறி 5,500, பால், முட்டை 1,800, பிள்ளைகளின் பள்ளிச் செலவு 1,200, விளக்கு, எரிவாயு 900, மருத்துவமனைப் பயணம் 300. மொத்தம் 13,200. நோயாளியின் பாலையும் முட்டையையும் குறைத்துச் சேமிக்க எண்ணுவது, விதை நெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும். அதில் கை வைக்கவில்லை.

மூன்றாம் பத்தி, ஒத்திப் போடக் கூடியது. பொங்கலுக்கு ஊர் செல்லச் சேர்த்து வைத்த 4,000 ரூபாய் அதில் இருந்தது. ஊர்ப் பயணத்தை நிறுத்தினோம். அவ்வாண்டுப் பொங்கலை இங்கேயே, அண்டை வீட்டுக் கன்னட அம்மையாரோடு எள்ளும் வெல்லமும் பகிர்ந்துகொண்டு கொண்டாடினோம்.

நான்காம் பத்தி, கடன். இதை யாருக்குத் தரவேண்டும் என்ற வரிசையில் எழுதாமல், வட்டி எது மிகுதி என்ற வரிசையில் எழுத வேண்டும். பெட்டியில் உறங்கிய சங்கிலியை வங்கியில் ஈடு வைத்தோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைந்த வட்டி. அத்தொகையால் மூன்று வட்டிக் கடன் 40,000-ஐயும் ஒரே நாளில் தீர்த்தோம். மாதம் 1,200 சென்ற இடத்தில் 400-க்குள் அடங்கிற்று. அடகு என்றால் அடகுக் கடை என்றே ஓடுகிறோம். வங்கி வாயிலும் திறந்தே இருக்கிறது.

இனிக் கூட்டிப் பாருங்கள். செலவு 13,200, வட்டி 400, வாரத் தவணை மாதத்திற்கு 2,000. ஆக 15,600. துண்டு விழுவது 1,100. மூன்று மாதத்திற்கு 3,300. அதைப் பொங்கல் பணம் தாங்கிற்று. நான்காம் மாதம் முதல் எண்பது பங்காகி உதவித் தொகை 12,000 ஆனதும், மாதம் 400 ரூபாய் மிஞ்சிற்று. எழுதுவதற்கு முன் பெருங்கடலாகத் தோன்றியது, எழுதிய பின் 1,100 ரூபாய்ப் பள்ளம் என்று தெரிந்தது. அளவு தெரிந்த பள்ளத்தைத் தாண்ட வழி உண்டு.

கணக்கினால் விளைந்த மற்றொரு நன்மையையும் சொல்ல வேண்டும். ‘உழைக்காமல் உண்கிறேனே’ என்று குன்றிப்போயிருந்த கணவரிடமே அந்த நோட்டுப் புத்தகத்தை ஒப்படைத்தோம். நாள்தோறும் வரவு செலவு எழுதுவது அவர் பணியாயிற்று. நோயாளியை வேலையிலிருந்து விலக்கலாம். குடும்பத்தின் யோசனையிலிருந்து விலக்கலாகாது. மனைவி நோயுற்றாலும் இதுவே முறை. அவர் செய்து வந்த சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றிற்குக் கூலி எவ்வளவு என்று அன்றுதான் பல வீடுகளில் தெரிய வருகிறது.

‘எங்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லையே’ என்று மண்டியில் மூட்டை சுமக்கும் சகோதரரும், லாரி ஓட்டும் சகோதரரும் கேட்கலாம். உண்மை. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர்க்கே அது பொதுவாக உரியது. மற்றவர்க்கும் சில வழிகள் உண்டு. கட்டட வேலையில் ஆண்டுக்கு 90 நாள் உழைத்தவர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். ஏழைக் குடும்பங்களுக்கு, 2018 முதல் நடைபெறும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ஆனால் அது மருத்துவமனைக்குச் செல்லும் பணம். அடுப்புக்கு வரும் பணமன்று. ஆகவே நாட்கூலி பெறுவோர் ஒரு மாத வாடகையும் ஒரு மாத அரிசியும் தனியே சேர்த்து வைப்பது கடமை.

நம்மவர்க்கே உரிய இடையூறு ஒன்றுண்டு. பலருடைய குடும்ப அட்டை இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது. மைய அரசின் தானியத்தை எம்மாநிலத்திலும் பெறலாம். ஆனால் 2023 ஆகஸ்டில் மைசூரில் தொடங்கப்பெற்ற கிருஹலட்சுமி உதவியாகிய 2,000 ரூபாய், கர்நாடக அட்டையில் குடும்பத் தலைவியாகப் பெயர் உள்ளவர்க்கே உரியது. அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால் என்று நின்றால், நோய் வந்த நாளில் இரண்டு இடத்திலும் பயன் இல்லாமற் போகும். எங்கே வாழ்வது என்று முடிவு செய்து, அட்டையையும் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

கடனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தவணைக்காரரின் நெருக்கடி தாளாமல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிய குடும்பங்களைப் பற்றிய செய்திகள் நம் மாவட்டத்திலிருந்தே வந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் கர்நாடக அரசு, கடன் வசூலில் வன்முறையையும் மிரட்டலையும் தடுக்க அவசரச் சட்டம் பிறப்பித்தது. வாங்கிய கடனைத் திருப்பித் தருவது நம் கடமை. மிரட்டலுக்கு அஞ்சி, ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவது கடமையன்று. அது அழிவு.

முடிவாக, இன்று இரவே செய்யத்தக்க மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறோம். ஒன்று, கணவனும் மனைவியும் தத்தம் கடனை ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள். இரண்டு, இ.எஸ்.ஐ. எண், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, காப்பீட்டுத் தாள் அனைத்தையும் ஒரே தகரப் பெட்டியில் இட்டு, அது இருக்குமிடத்தை வளர்ந்த பிள்ளைக்கும் காட்டிவையுங்கள். மூன்று, வேலைக்குச் செல்ல இயலாத முதல் நாளே மருத்துவச் சான்று பெறுங்கள்.

சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். நம் தாய்மார் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. கன்னடமும் படிவங்களும் அறிந்த இளைஞர் இருவர், மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கக் கட்டடத்தில் அமர்ந்து எழுதிக் கொடுத்தால், அது பெரிய அறமாகும். அவ்விருவருள் ஒருவராக அமர எங்கள் இல்லத்தவர் இசைந்துள்ளார். ஆம், அவர் குணமடைந்து, நஞ்சன்கூட்டுப் பேருந்தில் மீண்டும் நாள்தோறும் சென்று வருகிறார். நோட்டுப் புத்தகத்தை மட்டும் இன்னும் அவரே எழுதுகிறார்.