கட்டுண்ட மக்ரோ

சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார்மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய அந்தாதி ஏட்டில் எழுந்தது. ஏட்டுக்குச் செல்லினால் கேடு. கணினியில் எழுதியதற்கு வேறொரு கேடு உண்டு: எழுத்து அழியாது, ஆயினும் வாசிக்க இயலாது.

இவ்வூர்ச் சனசமூக நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய குறிப்பேடுகள் 1995 ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது போயின. திரும்பி வந்த முதியோர் சொல்லச் சொல்லப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோவையே எஞ்சியது. சொன்னவர்களுட் பலர் இன்று இல்லை. புதிய கணினியில் செயலாளர் அதனைத் திறக்கிறார். 'தமிழ்' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. பாமினி சேமிப்பது அவற்றைத்தான். தமிழ் வடிவம் எழுத்துரு போர்த்திய போர்வையே.

எழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம். தேட இயலாது, கைத்தொலைபேசியில் காண்பதும் அரிது. ஆதலின் யுனிகோட்டுக்கு மாற்றவேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பாமினியில் 'கொ' எழுதக் கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் பின்னுமாக மூன்று குறிகள். யுனிகோட்டிலோ ககரம் முதலில், ஒகரக் குறி அதன்பின். இவ்வரிசையைத் திருப்பும் கட்டளைத் தொகுப்பே மக்ரோ. கனடாவிலிருக்கும் ஊரவர் ஒருவர் மின்னஞ்சலில் அதனை அனுப்புகிறார். திறந்தால், மக்ரோ தடுக்கப்பட்டது என ஒரு செம்பட்டி தோன்றுகிறது. அனுமதிக்கும் பொத்தான் அதில் இல்லை.

காரணம் உண்டு. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா என்னும் மக்ரோ, வேர்ட் ஆவணத்துள் ஒளிந்து, முகவரிப் பட்டியலின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிற்று. 2022 முதல் இணையவழி வந்த மக்ரோக்களை மைக்ரோசொப்ட் இயல்பாகவே தடுக்கிறது. கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரையை விண்டோஸ் அதனோடு ஒட்டிவைக்கும். பழைய முறையில் அமைத்த பென்டிரைவிற் படியெடுத்தால் அம்முத்திரை உதிர்ந்துவிடுவதுமுண்டு. ஒரே கோப்பு ஒரு கணினியிற் செம்பட்டியும் இன்னொன்றில் பொத்தானுள்ள மஞ்சட்பட்டியும் காட்டும் விந்தை இதனால் விளைவது.

முதலில் அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, அவரே அனுப்பியதுதானா என்று கேட்கவேண்டும். இதனைத் தவிர்ப்போர்தாம் மிகுதி. பின்பு கோப்பை மூடி, கோப்புறையில் அதன்மீது வலப்பொத்தானை அழுத்தி, புரொப்பட்டீஸ் பகுதியின் அடியிலுள்ள அன்புளொக் கட்டத்திற் குறியிட்டு, ஓகே கொடுத்துத் திறக்கவேண்டும். மஞ்சட்பட்டி வந்தால் எனேபிள் கொன்ரென்ற். எந்தப் பட்டியுமே தோன்றாவிடின் கோப்பின் பெயர்முடிவைப் பார்க்கவேண்டும்: டொக்எக்ஸ் எனச் சேமித்த கோப்பில் மக்ரோ தங்காது, டொக்எம் என்றே இருத்தல்வேண்டும். அதுவும் சரியாயின், ட்ரஸ்ட் சென்ரரில் அறிவிப்பின்றித் தடுக்கும் தெரிவு இடப்பட்டிருக்கலாம்; அறிவிப்போடு தடுக்கும் தெரிவுக்கு மாற்றுதல் போதும். எல்லா மக்ரோவையும் அனுமதிக்கும் தெரிவு அங்கேயே உண்டு. வாயிற்கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பான அதனைத் தொடவேண்டியதில்லை.

மக்ரோவை மூலக்கோவையின்மீது ஓட்டாது, படியொன்றின்மீதே ஓட்டுதல் வேண்டும். எழுத்துருவை நோக்காது மாற்றும் மக்ரோ, இடையிடையே வரும் ஆங்கிலப் பெயர்களையும் தமிழெழுத்துக் குவியலாக்கிவிடும். அவற்றைச் செயலாளர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையாலேயே திருத்தவேண்டியிருக்கும்.