பழைய கணினியும் பழைய பதிவேடும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிலைக் கண்டவர்கள் ஒன்றை அறிவார்கள். உப்பிட்டுக் காய்ந்து வந்த தோலை நேரே பதனிட இயலாது. முதலில் நீரில் ஊறவைத்து உப்பை நீக்கி, அதன் பழைய மென்மையை மீட்க வேண்டும். பின்னரே சுண்ணாம்புத் தொட்டி, அதன் பின்னரே பதனிடல். நெடுநாள் உறங்கிய பொருளை எழுப்புவதற்கும் ஒரு முறைமை உண்டு என்பதே இதன் பாடம். அந்தப் பாடத்தை எனக்கு மீண்டும் கற்பித்தது ஒரு கணினி.

நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், முன்னாள் மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். காலணித் தொழிற்சாலையில் பணியாற்றும் அவருக்கு, வருங்கால வைப்புநிதிக் கணக்கில் பிறந்த தேதியைத் திருத்தப் பள்ளிச் சான்று தேவைப்பட்டது. 2021 நவம்பர் பெருமழையில் கூரை ஒழுகி, சேர்க்கைப் பதிவேட்டின் பல தாள்கள் படிக்க இயலாதவாறு ஒட்டிப்போயிருந்தன. ஆனால் 1999-ஆம் ஆண்டு முதல் அப்பதிவுகளைக் கணினியிலும் ஏற்றி வந்தோம். விவரங்கள் விண்டோஸ் என்.டி. 4.0 கொண்ட சர்வர் என்னும் சேவைக் கணினியில் இருந்தன. அவற்றைத் திறக்கும் ஃபாக்ஸ்புரோ நிரலோ, விண்டோஸ் 98 கொண்ட மற்றொரு கணினியில் இருந்தது. ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது. இரண்டும் ஆண்டுக்கணக்காக அறை மூலையில் தூசி படிந்து கிடந்தன. புதிய கணினிகள் வந்தபோது அவ்விவரங்களைப் படியெடுத்து வைக்காதது யார் குற்றம்? தலைமையாசிரியனாக இருந்த என் குற்றமே.

பள்ளியின் அனுமதியோடு நானும் கணினி ஆசிரியரும் பணியில் இறங்கினோம். முதல் தடை மின்கலம். தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தமையால், கணினி தன் நாளையும் வட்டின் அமைப்பையும் மறந்திருந்தது. புதியது பொருத்தினோம்.

இரண்டாவது தடை கம்பி. இரு கணினிகளையும் இணைத்தது அக்கால மெல்லிய கோஆக்சியல் கேபிள். அதன் இரு முனைகளிலும் 50 ஓம் தடையுள்ள டெர்மினேட்டர் என்னும் சிறு மூடி இருத்தல் வேண்டும். அது இல்லையெனில், கிணற்றுச் சுவரில் மோதித் திரும்பும் குரல்போல மின்குறிகள் முனையில் மோதித் திரும்பி, பின்வரும் குறிகளைக் குழப்பிவிடும். ஒரு மூடி காணாமற் போயிருந்தது. கேபிளும் பழுதாகியிருந்தது. தொலைக்காட்சிக் கேபிள் பார்வைக்கு ஒத்திருந்தாலும் அது 75 ஓம் வகை, ஆகாது. பழைய பொருள் கடையொன்றில் உரிய கேபிளும் மூடியும் கிடைத்தன.

மூன்றாவது தடை மொழி. கணினிகள் உரையாட இருபுறமும் ஒரே நெறிமுறை வேண்டும். எங்கள் சர்வர் நெட்பியூய் என்னும் பழைய நெறிமுறையை மட்டுமே பேசியது. விண்டோஸ் 98 தன் அமைப்பில் டி.சி.பி./ஐ.பி.யை வைத்திருந்தது. கேபிள் சரியாக இருந்தும் ஒன்றையொன்று காணவில்லை. குறுந்தகட்டிலிருந்து நெட்பியூயைச் சேர்த்த பின், சர்வரின் பெயர் திரையில் தோன்றியது. கடவுச்சொல்லை, ஓய்வு பெற்ற எழுத்தர் நினைவிலிருந்து கூறினார். மாணவியின் பெயரும் பிறந்த தேதியும் திரையில் வந்தபோது அவர் கண் கலங்கியது.

"இத்துணைத் தொல்லை எதற்கு? புதிய கணினியையே சர்வரோடு இணைத்திருக்கலாமே" என நீங்கள் கேட்கலாம். அதில் ஆபத்து உண்டு. பழைய விண்டோஸ் சர்வர்கள் கோப்புகளைப் பகிர எஸ்.எம்.பி.யின் முதல் வடிவத்தையே பயன்படுத்தின. 2017 மே 12-இல் பரவிய வானாகிரை என்னும் கெடுநிரல், விண்டோஸில் அவ்வடிவம் கையாளப்பட்ட முறையிலிருந்த குறையின் வழியே நுழைந்து, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளின் கோப்புகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதி முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் அவ்வடிவம் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. பூட்டிய அக்கதவை மீண்டும் திறந்துவைத்தல் அறிவுடைமையன்று.

ஆகவே பழைய இரு கணினிகளையும் இணையத்தோடு இணைக்காமல் தனித்தே வைத்தோம். பாலாற்றங்கரையில் வாழ்வோருக்கு இந்த நெறி புதிதன்று. தோல் ஆலைகளின் கழிவால் பாலாறு மாசுற்றது குறித்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கு நேர்ந்த பின் வருந்துவதினும் நேராமல் காத்தலே நன்று. கழிவுநீரைப் பொதுவாற்றில் விடலாகாதது போலவே, காப்பற்ற கணினியைப் பொது வலையில் விடலாகாது.

கோப்புகளை 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகளில் படியெடுத்து, வெளிப்புற வட்டிழுப்பானின் துணையோடு புதிய கணினிக்கு மாற்றினோம். ஃபாக்ஸ்புரோவின் டி.பி.எஃப். கோப்பை லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள் இன்றும் திறக்கிறது. முழுப் பட்டியலையும் தாளில் அச்சிட்டு அலுவலகத்தில் வைத்தோம். அம்மாணவிக்குச் சான்றும் கிடைத்தது.

இளைஞர்களே, கருவிகள் மாறும், மாறத்தான் வேண்டும். ஆனால் அவற்றினுள் உறையும் விவரங்கள் ஒருவரின் ஊதியமாக, உரிமையாக, வாழ்வாக இருக்கக்கூடும். புதிய கருவி வந்த அன்றே பழையதிலுள்ளவற்றைப் படியெடுங்கள். படியை வேறிடத்தில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் தவறாது செய்வீர்களாக.