உயரமும் ஒரு நோயின் வாய்ப்பும்

பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் மாணவர்களின் உயரத்தை அளந்து ஏட்டில் குறித்து வைப்பதுண்டு. சுவரில் வரைந்த அளவுகோட்டின் முன் நிமிர்ந்து நின்றதும், அடுத்து நின்றவரைவிட ஓர் அங்குலம் மிகுந்தோமா என்று எட்டிப் பார்த்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆண்டு முடிந்ததும் அந்த ஏடு ஏதேனும் ஒரு பெட்டியில் உறங்கிவிடும். பிற்காலத்தில் அதனால் ஒரு பயன் விளையும் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால் டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில், அத்தகைய ஏடுகளே கடினமான வினா ஒன்றுக்கு விடை காண உதவின. ஒரு பெண்ணின் உயரத்துக்கும், அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக்கும் தொடர்பு உண்டா? உயரமே அன்றி உடலின் பிற இயல்புகளுக்கும் அந்நோய்க்கும் உறவு உண்டா? இவ்வினாவைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

மாணவ மாணவியர் கேட்கும் பேச்சுக்கு இப்பொருள் ஏற்றதா என்று சிலர் தயங்கக்கூடும். 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் அதனால் இறந்தனர். இந்தியப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெறுகிறது. இவ்வளவு பெரிய துன்பத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசாமல், அடுப்பங்கரையில் காதோடு காதாகப் பேசி மறைத்ததனால் நாம் இழந்த உயிர்கள் பல. ஆதலின் தயக்கம் வேண்டுவதில்லை.

ஒரு நோய் யாருக்கு மிகுதியாக வருகிறது, யாருக்குக் குறைவாக வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது மருத்துவத்தின் பழைய வழிகளுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டு மருத்துவர் ராமசீனி என்பவர், மணம் புரியாமல் மடங்களில் வாழும் கன்னித் துறவியரிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதைக் கண்டு எழுதினார். அவர் கண்டது உண்மை. அதற்குக் காரணம் கூற அக்காலத்தில் எவராலும் இயலவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர் இவ்வினாவை ஒழுங்குபட ஆராய்ந்தார். நோயுற்ற பெண்கள் 500 பேரையும், அந்நோய் இல்லாத பெண்கள் 500 பேரையும் தேர்ந்து, இரு சாராரிடமும் ஒரே வகையான கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிட்டார். 1926இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. காலந்தாழ்த்தி மணந்தவர், குறைந்த மக்களைப் பெற்றவர், குழந்தைக்குப் பாலூட்டாதவர் ஆகியோரிடம் இந்நோய் மிகுதி என்பது அதனால் விளங்கியது. நோயுற்றோரையும் நோயற்றோரையும் அருகருகே வைத்து ஒப்பிடும் அம்முறை இன்றும் மருத்துவ ஆராய்ச்சியின் முதுகெலும்பாக விளங்குகிறது.

1970இல் பிரையன் மக்மகான் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் பாஸ்டன், ஏதென்ஸ், டோக்கியோ முதலிய ஏழு இடங்களில் செய்த ஆய்வை வெளியிட்டனர். பதினெட்டு வயதுக்கு முன் முதற்பேறு கண்டவர்களுக்கு உள்ள வாய்ப்பு, முப்பத்தைந்து வயதிலோ அதற்குப் பின்னரோ முதற்பேறு கண்டவர்களுக்கு உள்ள வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்கே என்று அவர்கள் கண்டனர். இதைக் கேட்டு, இளவயதுத் திருமணம் நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடுதல் கூடாது. இளம்பேறு தாயின் உயிருக்கும் சேயின் உயிருக்கும் இழைக்கும் தீங்குகள் வேறு பல உள்ளன. ஒரு நோயின் கணக்கை மட்டும் வைத்து வாழ்க்கையை அமைத்தல் இயலாது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை யாது? பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் முதலிய இயக்குநீர்கள் மார்பகத்தின் உயிரணுக்களைப் பெருகுமாறு தூண்டுகின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதன் மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கையில் பிழை நேரலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுதுபவர் கையில் ஓரிரண்டு எழுத்துப் பிழை நேர்வது இயல்பே அன்றோ? அத்தகைய பிழைகளுட் சில ஒன்றுகூடி அணுவின் கட்டுப்பாட்டை அழித்துவிடும்போது புற்றுநோய் தோன்றுகிறது. ஆகவே தூண்டுதல் நீளும் அளவுக்கு வாய்ப்பும் வளர்கிறது. பூப்பு ஓராண்டு முன்னதாக வந்தால் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து வீதம் கூடுகிறது என்றும், மாதவிலக்கு ஓராண்டு தாழ்த்து நின்றால் நூற்றுக்கு மூன்று வீதம் கூடுகிறது என்றும், 117 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது.

இனி உயரத்துக்கு வருவோம். பிரிட்டனில் நடுத்தர வயதுப் பெண்கள் ஏறத்தாழ 13 இலட்சம் பேரின் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2011இல் வெளிவந்த முடிவின்படி, உயரம் பத்துச் சென்டிமீட்டர் கூடுந்தோறும் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழு வீதம் கூடியது. மார்பகம் மட்டும் அன்றி, குடல், சிறுநீரகம், கருப்பை முதலிய பல உறுப்புகளின் புற்றுநோய்களிலும் உயரத்தோடு இத்தகைய ஏற்றம் காணப்பட்டது.

கோபன்ஹேகன் ஏடுகள் இதற்கு முன்பே, 2004இல், ஒரு படி ஆழமாகச் சென்று விடை கூறியிருந்தன. பள்ளி மருத்துவர்கள் ஆண்டுதோறும் அளந்து குறித்த எடையையும் உயரத்தையும், அந்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தனர். 1,17,415 பெண்களின் செய்தி அதில் அடங்கியிருந்தது. அவர்களுள் 3,340 பேருக்குப் பின்னர் மார்பகப் புற்றுநோய் வந்தது. பிறக்கும்போது எடை மிகுந்திருந்தவர், பதினான்காம் வயதில் உயரமாகவும் மெலிந்தும் இருந்தவர், இளவயதிலேயே விரைந்து வளர்ந்தவர் ஆகியோருக்கு வாய்ப்புச் சற்று மிகுதி என்று தெரிந்தது. முதுமையில் தோன்றும் ஒரு நோயின் சுவடு, சிறுமியின் பள்ளிப் பருவத்திலேயே பதிந்திருக்கிறது என்பது வியப்புக்குரிய செய்தி அல்லவா?

ஆயினும் 'நூற்றுக்குப் பதினேழு வீதம்' என்ற சொற்றொடரைச் சரியாகப் பொருள் கொள்ள வேண்டும். நூறு உயரமான பெண்களில் பதினேழு பேருக்கு நோய் வரும் என்பது அதன் பொருள் அன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஒரு குறிப்பிட்ட கால எல்லைக்குள், ஆயிரம் பெண்களுள் இருபது பேருக்கு இந்நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களைவிடப் பத்துச் சென்டிமீட்டர் உயரமான ஆயிரம் பெண்களை எடுத்துக்கொண்டால், இருபத்துமூன்று அல்லது இருபத்துநான்கு பேருக்கு வரும். எஞ்சிய தொள்ளாயிரத்து எழுபத்தாறு பேரும் நோயின்றி இருப்பர். உயரமான மாணவி ஒருத்தி இச்செய்தியைக் கேட்டு அஞ்சுவாளாயின், நான் அவளுக்கு இந்தக் கணக்கையே சொல்லுவேன். செய்தித்தாளில் நோயைப் பற்றி 'இத்தனை மடங்கு', 'இத்தனை வீதம்' என்று படிக்கும்போதெல்லாம், 'எத்தனை பேரில் எத்தனை பேர்?' என்று கேட்கும் பழக்கத்தை நீங்கள் மேற்கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி, உயரம் நோய்க்குக் காரணமா என்பது. எறும்புகள் முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டை நோக்கி ஏறினால் மழை வரும் என்று நம் ஊரார் கூறுவர். எறும்பு மழையைக் கொண்டு வருவதில்லை, மழைக்கு முன் காற்றில் நேரும் மாறுதலை அஃது உணர்த்துகிறது, அவ்வளவே. உயரமும் அத்தகையதோர் அடையாளம். குழந்தைப் பருவத்து உணவு, பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்கள், வளர்ச்சியைத் தூண்டும் இயக்குநீர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து எழுதிய கணக்கின் கூட்டுத்தொகையே உயரம். உடலை வளர்த்த அதே ஆற்றல்கள் மார்பகத்தின் அணுக்களையும் பெருக்கியிருக்கும். 2015இல் வந்த ஓர் ஆய்வு, உயரத்தைத் தரும் மரபணுக்களை மட்டும் தனியே எடுத்து நோக்கிற்று. அவற்றோடும் இந்நோயின் வாய்ப்புக் கூடுவதை அது கண்டது. ஆகவே வளமான உணவு, வசதியான வாழ்வு ஆகிய புறச்சூழல் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற இடமில்லை.

அந்த ஆற்றல்களுள் முதன்மையானதாகக் கருதப்படுவது, இன்சுலினை ஒத்த வளர்ச்சிப் பொருள் ஒன்று. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் மலைப்பகுதியில், அப்பொருள் உடலில் மிகக் குறைவாகச் சுரக்கும் மக்கள் சிலர் வாழ்கின்றனர். லரோன் என்ற மருத்துவர் 1966இல் விளக்கிய பிறவிக் குறையே இதற்குக் காரணம். அவர்கள் உருவத்தில் மிகச் சிறியவர்கள். அத்தகையோர் 99 பேரை 22 ஆண்டுகள் கவனித்ததில், ஒருவருக்கே புற்றுநோய் கண்டது; அவரும் அதனால் இறக்கவில்லை. அதே ஊரில், அதே உணவை உண்டு வாழ்ந்த அவர்களுடைய உறவினரிடையே புற்றுநோய் வழக்கம்போலவே இருந்தது. தொண்ணூற்றொன்பது என்பது சிறிய எண்ணே. எனினும் அஃது ஒரு வழியைக் காட்டுகிறது.

பிற இயல்புகளையும் சுருங்கக் கூறுவேன். மாதவிலக்கு நின்ற பின்னர் உடல் பருத்திருப்பது வாய்ப்பைக் கூட்டுகிறது. ஏனெனில் அப்பருவத்தில் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் இடமாகிறது. படம் எடுத்துப் பார்க்கையில் மார்பகத் திசு மிகவும் அடர்த்தியாகத் தோன்றுமாயின், மிகக் குறைந்த அடர்த்தி உடையவரைவிட வாய்ப்பு நான்கு மடங்கிற்கு மேலாகலாம். உயரத்தின் பங்கை இதனோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது என்பது விளங்கும். சில குடும்பங்களில், 1994லும் 1995லும் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுக்கள் இரண்டில் ஒன்று பழுதுற்று, தலைமுறைதோறும் இறங்கி வருகிறது. அத்தகைய பழுதுடைய பெண்கள் நூற்றுவருள் ஏறத்தாழ எழுபது பேருக்கு, எண்பது வயதுக்குள் இந்நோய் வருகிறது. தாய்க்கும் தமக்கைக்கும் இளவயதிலேயே நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுதல் இன்றியமையாதது. ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. நூறு நோயாளிகளுள் ஒருவரோ அதனினும் குறைவாகவோ ஆண்களாக இருப்பர்.

இச்செய்திகளிலிருந்து இரண்டு தவறான பாடங்களை நாம் கற்றுக்கொள்ளலாகாது. உயரத்துக்கு அஞ்சிக் குழந்தையின் உணவைக் குறைப்பது பேதைமை. ஊட்டம் குறைந்த குழந்தை நோய்களுக்கு எளிதில் இரையாகும், கல்வியிலும் பின்தங்கும். உயரமானவர்களுக்கு இதயநோயால் இறக்கும் வாய்ப்புக் குறைவு என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இயற்கை ஒரு கையால் எடுப்பதை மறு கையால் கொடுக்கிறது.

மற்றொன்று இதனினும் கொடியது. 'நான் உயரம் குறைந்தவள். என் குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இல்லை. நான் மக்களைப் பெற்றுப் பாலூட்டியவள். எனக்கு வராது' என்று ஒரு பெண் எண்ணி, கையில் தட்டுப்பட்ட கட்டியைப் புறக்கணித்துவிடுவது. மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதி, பெண்ணாகப் பிறந்தது, நாற்பது வயதைக் கடந்தது என்ற இரண்டையும் தவிரத் தனிப்பட்ட காரணம் எதுவும் கூற இயலாத பெண்களுக்கே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாய்ப்பின் பட்டியல் எவருக்கும் காப்புறுதிச் சீட்டு ஆகாது.

உயரத்தை மாற்ற நம்மால் இயலாது; பூப்பெய்திய வயதையும் மாற்ற இயலாது. மாற்றக்கூடியவை சில உண்டு. மது இந்நோயின் வாய்ப்பை அளவுக்கு ஏற்பக் கூட்டுகிறது, அதை விலக்கலாம். நாள்தோறும் உடல் உழைப்பு, முதுமையில் எடையைக் கட்டுக்குள் வைத்தல், குழந்தைக்குப் பாலூட்டுதல் ஆகிய மூன்றும் வாய்ப்பைக் குறைக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலானது காலத்தில் கண்டறிதல். வலியில்லாத கட்டி, தோலில் புதிதாகத் தோன்றும் குழி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், அதிலிருந்து குருதி கசிதல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது. மும்பையில் 1998 முதல் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடையே ஒரு சோதனை நடைபெற்றது. அவர்களுள் ஒரு சாராரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 2021இல் வெளிவந்த முடிவின்படி, ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது வீதம் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை. பயின்ற கையும், நாணம் நீங்கிய மனமும் இருந்தன.

மாணவியரே, மாணவர்களே! உங்கள் வீட்டில் தாயும் பாட்டியும் தம் உடல்நோயை வாய்விட்டுச் சொல்லக் கூசுபவர்களாக இருக்கக்கூடும். படித்த நீங்கள் அக்கூச்சத்தைப் போக்க இயலும். அவர்கள் உயரமானவர்களோ, உயரம் குறைந்தவர்களோ, இந்த அறிகுறிகளை அவர்களுக்கு இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.